160 அறைகள், 47 படிக்கட்டுகள், ஒரு 'பேய்க் கதை': சாரா வின்செஸ்டர் உண்மையில் ஏன் அந்த வீட்டைக் கட்டினார்?

உலகின் விநோதமான வீடுகள் என்று யூடியூபில் தேடிப் பாருங்க. சீக்கிரமே ஒரு பழைய மர மாளிகை வந்து நிற்கும். கூரையில் போய் முட்டி நிற்கும் படிக்கட்டு. திறந்து காலை வைத்தால் நேராகக் கீழே தோட்டத்தில் விழ வைக்கும் மாடிக் கதவு. சுவருக்குள் இருக்கும் ஜன்னல். தரையில் பதித்த கண்ணாடி. பின்னணியில் திகில் இசை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே நகரத்தில் இருக்கும் 'வின்செஸ்டர் மர்ம மாளிகை' அது.

வீடியோ சொல்லும் கதையும் பெரும்பாலும் ஒன்றேதான். வின்செஸ்டர் துப்பாக்கி கம்பெனிக் குடும்பத்தின் மருமகள் சாரா. குழந்தை இறந்தது, கணவர் இறந்தார். பாஸ்டனில் ஆவிகளோடு பேசும் ஒருவரிடம் குறி கேட்கப் போனார். உங்கள் குடும்பத் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகள் உங்களைத் துரத்துகின்றன, மேற்கே போய் ஒரு வீடு கட்டுங்கள், கட்டுவதை நிறுத்தினால் செத்துப்போவீர்கள் என்று அவர் சொன்னாராம். அன்று தொடங்கிய சுத்தியல் சத்தம் 38 வருடம் இரவும் பகலும் நிற்கவே இல்லையாம். ஆவிகளைக் குழப்பத்தான் அந்தப் படிக்கட்டும் அந்தக் கதவும். 2018-ல் ஹெலன் மிர்ரன் நடித்து இதே கதை ஹாலிவுட் படமாகவும் வந்துவிட்டது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இருக்கும் எண்களை மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்சம் சரிபார்த்தால், வேறொரு பெண் வெளியே வருகிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த 38

சாரா அந்த நிலத்தை வாங்கியது 1886-ல். அவர் இறந்தது 1922-ல். கழித்துப் பாருங்கள், 36 வருடம்தான் வருகிறது. 38 வருட இடைவிடாத கட்டுமானம் என்றால், வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே இன்னொருவர் நிலத்தில் கொத்தனாரை இறக்கியிருக்க வேண்டும்.

அந்த 36-லும் கிட்டத்தட்டப் பாதி சந்தேகம். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதியை உலுக்கிய பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பெரிய கட்டுமானம் எதுவும் நடக்கவில்லை. ஆக, உண்மையில் கட்டிய காலம் சுமார் 20 வருடம். அதுவும் தொடர்ச்சியாக இல்லை. 1898-ல் தன் நாத்தனார் ஜென்னிக்கு சாரா எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வீடு இன்னும் விருந்தாளிகளைத் தங்கவைக்கும் நிலையில் இல்லை என்பதற்கு அதில் காரணம் சொல்கிறார். வேலை வாங்கி வாங்கி அலுத்துப்போய், ஆட்கள் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்திருக்கிறார்.

சுத்தியல் சத்தம் நின்றது. அவர் சாகவில்லை. இன்னும் 24 வருடம் இருந்தார்.

வீடு கட்டிய அனுபவம் உள்ள யாரைக் கேட்டாலும் அந்தக் கடிதத்தின் தொனி புரியும். ஆவிக்குப் பயந்தவரின் குரல் அல்ல அது. மேஸ்திரியோடு மல்லுக்கட்டிக் களைத்தவரின் குரல்.

தச்சரின் மகள்

சாரா பிறந்தது 1839 வாக்கில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரத்தில். பெற்றோர் வைத்த முழுப்பெயர் சாரா லாக்வுட் பார்டீ. அப்பா லியோனார்ட் பார்டீ ஒரு தச்சர். இந்த ஒரு தகவலைத் திகில் வீடியோக்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, எனக்கு இதுதான் முக்கியமானதாகப் படுகிறது. மரத்தூள் வாசனையில், கதவு, ஜன்னல், கைப்பிடி வேலைகளுக்கு நடுவே வளர்ந்த பெண். பின்னாளில் தச்சர்களிடம் நின்று வேலை வாங்கியது அவருக்குப் புதிய விஷயமாக இருந்திருக்காது.

வின்செஸ்டர் குடும்பம் அதே ஊர்தான். மாமனார் ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கி வியாபாரத்துக்கு வருவதற்கு முன்பு சட்டை தைக்கும் தொழிற்சாலை நடத்தியவர். ஆமாம், சட்டை. அந்த லாபத்தில் 1855-ல் ஒரு துப்பாக்கி நிறுவனத்தில் முதலீடு செய்தார். கொஞ்ச காலத்திலேயே நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 1866-ல் அதற்கு வின்செஸ்டர் என்று தன் பெயரையே வைத்தார். ஒவ்வொரு முறையும் குண்டு போட்டு இடிக்க வேண்டியதில்லை, தொடர்ந்து பல முறை சுடலாம் என்பதுதான் அந்தத் துப்பாக்கியின் சிறப்பு. 1873-ல் வந்த மாடல்தான் மிகவும் பிரபலம். அமெரிக்க மேற்கின் நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து பறித்த காலத்தில் அது எல்லோர் கையிலும் இருந்தது. பூர்வகுடிப் போராளிகள் கையிலும்தான். 1877-ல் ரஷ்யாவோடு நடந்த போரில் துருக்கி ராணுவம்கூட வின்செஸ்டர்களை வைத்துத்தான் சுட்டது.

சாரா 1862-ல் ஆலிவரின் மகன் வில்லியமைக் கல்யாணம் செய்துகொண்டார். நான்கு வருடம் கழித்து, 1866 ஜூன் 15-ல் ஒரு பெண் குழந்தை. பெயர் ஆனி. சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போனது. ஜூலை 25-ல் இறந்தது. நாற்பது நாள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அடுத்த சில வருடங்களில் வின்செஸ்டர் குடும்பம் நியூ ஹேவனின் பிராஸ்பெக்ட் தெருவில் ஒரு மாளிகை கட்டியது. கட்டட வேலையைக் கவனித்துக்கொண்டதில் சாராவுக்கும் வில்லியமுக்கும் பங்கு உண்டு. வீடு கட்டுவதில் சாராவுக்கு வந்த ஆர்வத்தின் தொடக்கம் அங்கேதான் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி ஜோ இக்னோஃபோ கருதுகிறார்.

பிறகு 1880. மே மாதம் சாராவின் அம்மா இறந்தார். டிசம்பரில் மாமனார் ஆலிவர். 1881 மார்ச்சில் வில்லியம். அவருக்கு காசநோய். பத்து மாதத்தில் மூன்று சாவு. சாராவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது.

எவ்வளவு சொத்து?

கதையில் அடுத்து வரும் எண்கள் இவை: 2 கோடி டாலர், கம்பெனியில் பாதிப் பங்கு, தினமும் ஆயிரம் டாலர் வருமானம்.

வில்லியம் இறந்தபோது சாராவுக்கு வந்தது கம்பெனியின் 777 பங்குகள். அது பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. மாமியார் காலமான பிறகுதான், 1890-களின் கடைசியில், இன்னும் ஒரு பெரிய தொகுதிப் பங்குகள் கைக்கு வந்தன. அப்போதும் பாதி இல்லை. அவர் பெரும் பணக்காரர் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தினமும் விடிந்தால் ஆயிரம் டாலர் கொட்டும் என்ற சித்திரம், வீட்டின் அளவைப் பார்த்துவிட்டு யாரோ பின்னோக்கிப் போட்ட கணக்கு.

இன்னொன்று. கம்பெனியை நடத்தியது சாரா இல்லை. ஆலிவருக்குப் பிறகு சில வருடங்களில் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய மருமகன் தாமஸ் பென்னட். மேலே சொன்ன நாத்தனார் ஜென்னியின் கணவர். துப்பாக்கியை வடிவமைக்கச் சொன்னவர்கள், விற்றவர்கள், ராணுவங்களோடு ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் நியூ ஹேவனிலேயே நிம்மதியாக இருந்தார்கள். அவர்களை எந்த ஆவியும் துரத்தியதாக ஒரு கதைகூட இல்லை. டிவிடெண்ட் வாங்கிய ஒரு பெண்ணைத்தான் செத்தவர்கள் எல்லோரும் மூவாயிரம் மைல் தாண்டித் தேடிப் போனார்களாம்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வின்செஸ்டர் பணத்தில் ரத்தம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. கேள்வி, அந்தக் கணக்கை ஏன் அந்தக் குடும்பத்தின் ஒரே ஒரு ஆள் மேல் மட்டும் எழுதினோம் என்பதுதான்.

மேற்கே போனது ஏன்?

பாஸ்டனில் குறி சொன்னதாகக் கதையில் வருபவர் பெயர் ஆடம் கூன்ஸ். சாரா அவரைப் பார்க்கப் போனார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் பெயரே சாரா இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் புத்தகங்களில் தலைகாட்டுகிறது.

கிடைக்கும் காரணங்கள் ரொம்பவும் சாதாரணமானவை. சாராவுக்கு மூட்டுவாதம். வயது ஏற ஏறக் கை, கால் விரல்கள் வளைந்து முடங்கும் வகை. குளிர் அதிகமான கிழக்குக் கரையை விட்டு இதமான வெயில் உள்ள இடத்துக்குப் போவது அந்தக் கால மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. கலிபோர்னியாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. சாரா தனியாகவும் போகவில்லை. அக்கா தங்கை குடும்பங்களும் அந்தப் பக்கம் வந்தன. தங்கை இசபெல் குடும்பத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு பண்ணையும் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தங்கையின் மகள் மரியன் பல வருடம் பெரியம்மாவோடுதான் இருந்தார்.

சான்டா கிளாரா பள்ளத்தாக்கு அப்போது பழத்தோட்டங்களின் பூமி. இன்று நீங்கள் சிலிக்கான் வேலி என்று சொல்லும் அதே இடம்தான். சாரா வாங்கியது அங்கே எட்டு அறைகள் கொண்ட ஒரு பண்ணை வீடு, சுற்றிலும் 45 ஏக்கர் நிலம். பின்னாளில் நிலம் 160 ஏக்கர் வரை விரிந்தது. வாதுமை, ஆப்ரிகாட், ப்ளம் மரங்கள். பழங்களை உலர்த்தி விற்றார்கள். ஸ்பெயின் நாட்டில் ஒரு சமவெளியின் பெயரை நினைவில் வைத்து வீட்டுக்கு 'யனாடா வில்லா' என்று பெயரிட்டார். மர்ம மாளிகை என்ற பெயர் அவர் காதில் விழுந்திருக்கவே முடியாது. அது அவர் இறந்த பிறகு ஒட்டியது.

சரி, வீடு ஏன் அப்படி இருக்கு?

இதற்கு வருவதற்கு முன்னால் வீட்டின் எண்களைப் பார்த்துவிடுவோம். இன்று மிச்சம் இருக்கும் கட்டடம் சுமார் 24,000 சதுர அடி. 160 அறைகள். 2,000 கதவுகள். 10,000 ஜன்னல் கண்ணாடிகள். 47 படிக்கட்டுகள், 47 கணப்பு அடுப்புகள், 13 குளியலறைகள், 6 சமையலறைகள். இது சுற்றுலா நடத்துகிறவர்கள் தரும் கணக்கு.

வகுத்துப் பாருங்க. 24,000-ஐ 160-ஆல் வகுத்தால் ஒரு அறைக்கு 150 சதுர அடி. 10-க்கு 15. அதாவது நீங்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்ட்டின் படுக்கையறை அளவுதான். பிரம்மாண்டமான கூடங்கள் நிறைந்த அரண்மனை அல்ல அது. சின்னச் சின்ன அறைகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போன வீடு. கதவுக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு அறைக்கு 12 கதவு வருகிறது. அலமாரிக் கதவுகளையும் சேர்க்காமல் அந்த எண் வந்திருக்காது என்பது என் ஊகம்.

13 குளியலறை என்றதும் சிலருக்குப் புல்லரிக்கும். 13 மேற்கத்திய நாடுகளில் ராசியில்லாத எண். அந்த வீட்டில் 13 எங்கெல்லாம் வருகிறது என்று வழிகாட்டிகள் தேடித் தேடிக் காட்டுவார்கள். அவற்றில் சில, சாராவின் காலத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டவை என்ற பதிவும் உண்டு. சேர்க்காமலே இருந்தாலும், ஆயிரக்கணக்கான பொருட்கள் உள்ள வீட்டில் எந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்கும். 47 இரண்டு முறை வருகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது வீட்டின் வடிவம். தொடக்கத்தில் கட்டடக் கலைஞர்களை வைத்துப் பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. தானே வரைந்து, தச்சர்களிடம் கொடுத்துக் கட்டத் தொடங்கினார். முறையாகக் கட்டடக்கலை படித்தவர் அல்ல. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெண்களுக்கு அந்தப் படிப்பின் கதவு பெரும்பாலும் மூடித்தான் கிடந்தது. எனவே அவர் கற்றுக்கொண்டது கட்டிக் கட்டித்தான். பிடிக்காவிட்டால் இடித்தார். மறுபடி கட்டினார். முழு வீட்டுக்கான வரைபடம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அப்படிக் கட்டினால் என்ன ஆகும்? வெளிச்சுவரை ஒட்டி ஒரு புது அறை எடுத்தால் பழைய வெளிச்சுவரின் ஜன்னல் இப்போது அறைக்குள் திறக்கும். கூரையில் வெளிச்சத்துக்குப் பதித்த கண்ணாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பினால், அது மேல்மாடியின் தரைக்கண்ணாடி ஆகிவிடும். மகன் கல்யாணத்துக்கு மாடி எடுத்த வீடுகளில், பின்பக்கம் அறை சேர்த்த வீடுகளில் இதைச் சின்ன அளவில் நீங்களே பார்த்திருப்பீங்க. சமையலறைக்குள் திறக்கும் கம்பி ஜன்னலை யாரும் பேய் என்று சொல்வதில்லை.

வீட்டின் மிகப் புகழ்பெற்ற விசித்திரங்களில் ஒன்று ஒரு வளைந்து வளைந்து போகும் படிக்கட்டு. 44 படிகள், 7 திருப்பங்கள். ஆனால் அத்தனையும் ஏறி முடித்தால் சுமார் 9 அடி உயரம்தான் ஏறியிருப்பீர்கள். ஆவிகளைச் சுற்றவிடத்தானாம். ஒரு படிக்கு என்ன உயரம் வருகிறது என்று கணக்குப் போடுங்கள்: இரண்டரை அங்குலத்துக்குள். நாம் பழகிய படிகள் ஆறு, ஏழு அங்குலம் இருக்கும். மூட்டுவாதத்தில் முழங்கால் மடக்க முடியாத ஒருவர், காலை லேசாகத் தூக்கி வைத்தே மேலே போய்விட முடியும். இன்றைய மொழியில் சொன்னால் அது அணுகல் வசதி. சாய்தளம் என்ற எண்ணம் பொதுக் கட்டடங்களில்கூட இல்லாத காலத்தில், தன் உடம்புக்கு ஏற்ற படிக்கட்டைத் தானே கண்டுபிடித்துக் கட்டியிருக்கிறார்.

இதோடு நிற்கவில்லை. எந்த அறையில் இருந்து அழைக்கிறார் என்று பணியாளர்களுக்குக் காட்டும் அழைப்புக் கருவி. வெந்நீர்க் குழாய். மின்தூக்கிகள். செடிகள் வளர்க்கும் கண்ணாடி அறையில் தரைப் பலகைகளைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், வழியும் நீர் கீழே துத்தநாகத் தகட்டில் ஓடிக் குழாய் வழியாக வெளித்தோட்டத்துக்குப் போய்விடும். 1890-களில் இதைக் கட்டியவரைப் பற்றி இன்று ஒரு வழிகாட்டி பேசத் தொடங்கினால், முதல் வார்த்தை பைத்தியம் என்றுதான் ஏன் வருகிறது?

அந்தக் கேள்விக்குப் பழைய செய்தித்தாள்களில் ஒரு தடயம் கிடைக்கிறது. 1895-ல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று சாராவைப் பற்றி எழுதத் தொடங்கியது. வீட்டை முடிக்காமல் கட்டிக்கொண்டே இருப்பதற்குச் சாவு பயம்தான் காரணம் என்ற வதந்தி அப்போதே அச்சேறியது. சூழலையும் சேர்த்துப் பாருங்கள். 1893-ல் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார வீழ்ச்சி. வங்கிகள் மூடின, வேலை போனது. அந்த நேரத்தில் கணவர் இல்லாத, வெளியூரிலிருந்து வந்த, விருந்துகளுக்குப் போகாத, பேட்டி கொடுக்காத ஒரு பணக்காரப் பெண் மாடிக்கு மேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருக்கிறார். ஊர் வாயை மூட முடியுமா? சாரா மறுப்பு எழுதவில்லை. பதில் சொல்லாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

சரியாகச் சொன்னால் அவர் பேசாமல் இல்லை. பேச வேண்டியவர்களிடம் மட்டும் பேசினார். அவருடைய வழக்கறிஞர் சாமுவேல் லீப் பாதுகாத்து வைத்த கடிதங்களும் கோப்புகளும் சான் ஹோசேயின் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இக்னோஃபோ 2010-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்கு அவை பெரிதும் உதவின. அவற்றில் தெரிவது நிலம், வாடகை, வரி, முதலீடு என்று விவரம் புரிந்து நிர்வாகம் செய்த ஒரு பெண்மணி.

1906, ஏப்ரல் 18

காலை 5.12. நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோவைச் சாய்த்தது. தெற்கே சான் ஹோசேயிலும் கட்டடங்கள் விழுந்தன. அதுவரை சாராவின் வீடு ஏழு மாடி. மேலே ஒரு கோபுரம். அது சரிந்தது. மேல் மாடிகள் நாசமாயின. புகைபோக்கிகள் விழுந்தன.

சாராவுக்கு அப்போது 67 வயதுக்குப் பக்கம். மூட்டுவாதம் முற்றியிருந்தது. அவர் மறுபடி கட்டவில்லை. உடைந்த மேல் பகுதியை அகற்றச் சொன்னார். இடிபாடு அதிகமான முன்பக்க அறைகளை அப்படியே மூடிவிட்டார். இப்போது அந்தப் பிரபலமான படிக்கட்டுக்கு வாருங்கள். அது ஒரு காலத்தில் மேல் மாடிக்குப் போனது. மாடி போய்விட்டது, படிக்கட்டு மிஞ்சியது, மேலே கூரை போட்டார்கள். எங்கும் போகாத மாடிக் கதவுக்கும் இதே விளக்கத்தைத்தான் இக்னோஃபோ தருகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது விழுந்துவிட்டது.

உலகமே வந்து படம் பிடிக்கும் அந்த மர்மம், நிலநடுக்கச் சேதத்தைப் பழுதுபார்க்காமல் விட்டதன் அடையாளம். அவ்வளவுதான்.

அதன் பிறகு சாரா அதிகம் இருந்தது வடக்கே ஆதர்டனில் வாங்கிய இன்னொரு வீட்டில். பர்லிங்கேம் கடற்கரையோரம் ஒரு படகு வீடும் வைத்திருந்தார். அதற்கும் கதை கட்டினார்கள்: உலகம் வெள்ளத்தில் மூழ்கப்போகிறது என்று பயந்து நோவாவின் பேழை மாதிரி வாங்கி வைத்தாராம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் வசதியானவர்கள் பலர் படகு வீடு வைத்திருந்த காலம் அது.

யாரும் படம் எடுக்காத கட்டடம்

சாரா கட்டவைத்த இன்னொரு கட்டடம் இருக்கிறது. பேய் வீடியோக்களில் அது பெரும்பாலும் வராது.

கணவரைக் கொண்டுபோனது காசநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சாப்பாடு, ஓய்வு, கவனிப்பு என்பதுதான் சிகிச்சை. தான் பிறந்த நியூ ஹேவனுக்குப் பக்கத்தில், வெஸ்ட் ஹேவனில், காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை கட்ட சாரா பணம் கொடுத்தார். மொத்தம் பத்து லட்சம் டாலருக்கு மேல். வில்லியம் வர்ட் வின்செஸ்டர் மருத்துவமனை என்று கணவரின் முழுப்பெயர் அதற்கு வைக்கப்பட்டது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் 1918-ல் அதன் முதல் நோயாளிகளாகப் படுத்தவர்கள் ராணுவ வீரர்கள். நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையின் நுரையீரல் நோய்ப் பிரிவு இன்றும் வின்செஸ்டர் பெயரில்தான் இயங்குகிறது.

1922 செப்டம்பர் 5-ல் சாரா தூக்கத்திலேயே இறந்தார். சான் ஹோசே வீட்டில்தான். உடலை நியூ ஹேவனுக்குக் கொண்டுபோய்க் கணவர், குழந்தை ஆனி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். உயிலில் உறவினர்களுக்கும், வேலை செய்தவர்களுக்கும், மருத்துவமனைக்கும் பணம் ஒதுக்கியிருந்தார். வீட்டில் இருந்த பொருட்கள் மரியனுக்கு. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொத்தை மதிப்பிட்டவர்கள் அந்தக் கட்டடத்துக்கு மதிப்பே இல்லை என்று முடிவு செய்தார்கள். நிலநடுக்கத்தில் அடிபட்டது, முடிக்கப்படாதது, குடியிருக்க யாருக்கும் உதவாதது.

மதிப்பைக் கண்டுபிடித்தவர் ஜான் பிரவுன். கேளிக்கைப் பூங்காக்களுக்கு ரோலர் கோஸ்டர் செய்து பழகிய ஆள். மனைவி மேமியோடு சேர்ந்து அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். சாரா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1923 கோடையிலேயே டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது. மேமி வழிகாட்டியாக நின்று கதை சொன்னார். 1924-ல் மேஜிக் கலைஞர் ஹூடினி வந்து சுற்றிப் பார்த்தார். அவர் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஏமாற்றுக்காரர்களை அம்பலப்படுத்துவதையே வேலையாக வைத்திருந்தவர்; அவர் வந்து போனதும் வீட்டின் விளம்பரத்துக்குத்தான் உதவியது. அதற்குப் பிறகு ஆவிகளுக்குப் பஞ்சமே இல்லை.

வணிகமாகப் பார்த்தால் பிரவுனைக் குறை சொல்ல முடியாது. மூட்டுவாதம் வந்த பெண் தன் வசதிக்குக் கட்டிய வீடு, நிலநடுக்கத்தில் பாதி இடிந்தது என்று பலகை வைத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அந்தக் கதையைப் பிரவுன் குடும்பம் விற்றதைவிட, நூறு வருடமாக நாம் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு ஆண் பணக்காரர் மலை உச்சியில் கோட்டை கட்டினால் லட்சியம் என்கிறோம். அதே கலிபோர்னியாவில் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1919-ல் தொடங்கி சுமார் 28 வருடம் ஒரு மாளிகையைக் கட்டிக்கொண்டே இருந்தார். அதையும் இடித்து இடித்துத்தான் கட்டினார்கள். அதுவும் முடியவில்லை. ஹர்ஸ்ட் எந்தப் பேய்க்குப் பயந்தார் என்று யாரும் கேட்கவில்லை. (அந்த மாளிகையை வடிவமைத்தவர் ஜூலியா மார்கன் என்ற பெண் என்பது தனிக் கதை.)

வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் நண்பரோ அக்காவோ உங்களுக்கும் இருக்கலாம். அங்கே போகும்போது இந்த வீட்டைப் பார்க்கக் கூட்டிப் போவார்கள். அவர் பெயரிலேயே உள்ள வின்செஸ்டர் சாலையில், எதிரே சான்டானா ரோ கடைத்தெரு. வழிகாட்டி பேய்க் கதையைச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள், நன்றாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த 44 படிகளில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக ஏறுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கவனியுங்கள். செடி அறையில் தரைப் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே முன்பக்க அறைகளுக்கு வந்தால், காரை பெயர்ந்த சுவர்களில் 1906-ன் விரிசல்கள் இன்னும் இருக்கின்றன.